சுட்ட கூடும் சுடாத கூடும்: கோலாலம்பூர் அருகே ஒரு சுடுதளத்தில் அரை நாள்

கோலாலம்பூரிலிருந்து காரில் முக்கால் மணி நேரத் தொலைவில் இருக்கும் ஒரு சுடுதளம், துப்பாக்கியைத் தொட்டே பார்த்திராதவர்களுக்காகச் சனிக்கிழமைகளில் அரை நாள் அறிமுகப் பயிற்சி ஒன்றை நடத்துகிறது. தலைக்கு 220 வெள்ளி (ரிங்கிட்). ஐம்பது தோட்டாக்கள், இரண்டு வகை ரைஃபிள்கள், ஒரு பயிற்றுநர், காதுக் கவசம், கண்ணாடி, முடிவில் ஒரு பொட்டலம் நாசி லெமாக் (தேங்காய்ப்பால் சோறு) எல்லாம் அந்தக் கட்டணத்துக்குள் அடங்கும். செந்தூலிலிருந்து நானும், ராணுவத்தில் இருபத்திரண்டு ஆண்டுகள் இருந்து ஓய்வு பெற்ற என் தாய்மாமாவும் சென்ற மாதம் அங்கே போய் வந்தோம். கொடுத்த காசுக்குக் குறைவில்லாத பயிற்சி என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் தொடக்கத்தில் அரை நிமிடம் பேசியிருந்தால் தவிர்த்திருக்கக்கூடிய ஒரு சிறு தீக்காயத்தோடுதான் வீடு திரும்பினேன் என்பதையும், அந்தக் காயத்துக்குக் காரணம் கேட்டபோது முதலில் கிடைத்த பதில் தவறானது என்பதையும் சேர்த்தே எழுத வேண்டியிருக்கிறது. இடைநிலைப்பள்ளியில் வேதியியல் கற்பிக்கிறவள் என்பதால் அந்தத் தவறான பதிலை அப்படியே விட்டுவர மனம் வரவில்லை. இந்த மதிப்புரையில் பாதிக்கு மேல் சூட்டைப் பற்றியே இருப்பதற்கு அதுதான் காரணம்.

பதிவு முறை கண்டிப்பானது. அதை நான் குறையாகச் சொல்லவில்லை. 1960ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டமும், அதற்கு மேல் 1971ஆம் ஆண்டின் கூடுதல் தண்டனைச் சட்டமும் இருக்கிற நாட்டில் தோட்டாவை யாரும் கச்சான் போல அள்ளிக் கொடுக்கப் போவதில்லை. அடையாள அட்டையான மைகாட்டைப் பார்த்து, படிவத்தில் கையெழுத்து வாங்கி, பெட்டியில் இருந்த ஐம்பது தோட்டாக்களை என் கண் முன்னே எண்ணி ஏட்டில் குறித்துக்கொண்டார்கள். சுட்டு முடித்தபின் ஐம்பது காலிக் கூடுகளும், அதாவது குண்டு போனபின் எஞ்சும் பித்தளை உறைகளும், திரும்ப வந்தாக வேண்டும், ஒன்று குறைந்தாலும் கிடைக்கும் வரை தேடத்தான் வேண்டும் என்று முகப்பில் இருந்த பெண் மலாயில் சொன்னார். கூட்டைக் குறிக்கும் கெலொங்சோங் என்ற மலாய்ச் சொல்லை அன்று காலை மட்டும் பத்துத் தடவையாவது கேட்டிருப்பேன்.

பாதுகாப்பு வகுப்பு நாற்பது நிமிடம் நடந்தது. குழலின் வாய் எப்போதும் இலக்கின் பக்கமே இருக்க வேண்டும், சுடும் கணம் வரை விரல் விசைக்கு வெளியே இருக்க வேண்டும், நிறுத்து என்று யார் கத்தினாலும் எல்லோரும் நிறுத்த வேண்டும் என்பவற்றைப் பயிற்றுநர் வெறுமனே சொல்லிவிட்டுப் போகாமல், ஒவ்வொருவரையும் வெற்று ரைஃபிளோடு நிற்கவும் படுக்கவும் வைத்து, மனத்தில் படியும் வரை திரும்பத் திரும்பச் செய்ய வைத்தார். காதுக் கவசங்கள் நல்ல நிலையில் இருந்தன. கண்ணாடிகள்தாம் கீறல் விழுந்து, மழைநாளில் பேருந்து ஜன்னல் வழியே பார்ப்பது போல மங்கலாக இருந்தன. உடையைப் பற்றி மூடிய காலணி வேண்டும் என்பதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. நான் அணிந்திருந்தது அகன்ற கழுத்து வைத்த பருத்திக் குர்தி. அதை நாற்பது நிமிடமும் பார்த்துக்கொண்டிருந்தவர்களில் ஒருவரும் எதுவும் சொல்லவில்லை. மாமா மட்டும் காரில் வரும்போதே, “கழுத்து வரைக்கும் பட்டன் போட்ட சட்டை ஒண்ணு எடுத்துக்கம்மா” என்றார். வெயிலுக்கு அது எதற்கு என்று நான்தான் கேட்கவில்லை.

முதலில் கொடுத்தது போல்ட் வகை ரைஃபிள். விளையாட்டுப் போட்டிகளில் பயன்படும் .22 தோட்டா, 1887இலிருந்து வழக்கில் இருப்பது, கூடும் குண்டும் சேர்ந்து சுண்டுவிரலின் பாதி நீளம். இந்த ரைஃபிளில் தானாக நடப்பது எதுவுமே இல்லை. சுட்டபின் வலக்கையால் கைப்பிடியை மேலே தூக்கி, பின்னால் இழுத்தால், குழலின் பின்பக்கத்தை அடைத்திருக்கும் போல்ட் என்ற எஃகு உருளையின் முனையில் உள்ள சிறு கொக்கி காலிக் கூட்டின் விளிம்பைப் பற்றி வெளியே இழுத்து எறியும். முன்னே தள்ளி அமுக்கினால் அடுத்த தோட்டா, குழலின் பின்முனையில் அது வெடிக்கும் இடமான அறைக்குள் போய் அமரும். புதியவளான எனக்கு ஒவ்வொரு தடவையும் நாலைந்து விநாடி ஆயிற்று. சுட்டு, மூச்சு விட்டு, எங்கே பட்டது என்று எட்டிப் பார்த்து, பிறகுதான் கைப்பிடி நினைவுக்கு வரும். பதினைந்து தோட்டாக்கள் சுட்டபின் பாயில் கிடந்த கூடுகளில் ஒன்றை எடுத்துப் பார்த்தேன். குடிக்க மறந்து ஆறிப்போன தேநீர்க் குவளையின் சூடுதான் இருந்தது. கன்னத்தில் வைத்துப் பார்த்தால்கூடச் சுடாது.

அடுத்து செமி ஆட்டோ. அதே .22 தோட்டா, அதே பெட்டி. விசையை ஒருமுறை அழுத்தினால் ஒரு குண்டு போகும். கூட்டை வெளியேற்றுவதையும் அடுத்த தோட்டாவை ஏற்றுவதையும் ரைஃபிளே பார்த்துக்கொள்ளும். ஆறாவதோ ஏழாவதோ சுட்டபோது, வலப்பக்கம் பறந்த கூடு என் இடத்தையும் அடுத்த இடத்தையும் பிரிக்கும் பலகைத் தட்டியில் மோதித் திரும்பி வந்து, குர்தியின் கழுத்துக்குள் விழுந்தது. தாளிக்கும்போது தெறிக்கிற கடுகு எப்படிச் சுடும் என்று சமைக்கிறவர்களுக்குத் தெரியும். இது அப்படித் தெறித்துவிட்டுப் போகவில்லை, துணிக்கும் தோலுக்கும் நடுவே ஒட்டிக்கொண்டு இருந்தது. கை தன்னாலே கழுத்துக்குப் போகப் பார்த்தது, உடம்பு தன்னாலே திரும்பப் பார்த்தது. பயிற்றுநர் அந்த நொடியே என் பின்னாலிருந்து குனிந்து ரைஃபிளின் அடிக்கட்டையை அழுத்திப் பிடித்து, குழல் இலக்கைவிட்டு விலகாமல் பார்த்துக்கொண்டு, என் விரலை விசையிலிருந்து எடுக்கச் சொன்னார். ரைஃபிளைக் கீழே வைத்தபிறகுதான் குர்தியை உதற விட்டார். அவர் செய்தது முழுக்கச் சரி. சுடுதளத்தில் சூடான கூட்டினால் வரும் பெரிய ஆபத்து கொப்புளம் அன்று; கொப்புளத்துக்குத் துள்ளுகிறவரின் கையில் குண்டேற்றிய துப்பாக்கி இருப்பதுதான். அதை அவ்வளவு நன்றாக அறிந்த ஒரு நிலையம், முன்கூட்டியே சட்டைக் கழுத்தைப் பற்றி எச்சரிக்காமலும், தட்டியை வலத்தோளுக்கு அவ்வளவு நெருக்கமாக நிறுத்தியும் வைத்திருப்பதுதான் எனக்குப் புரியவில்லை.

முருகன் ஔவையிடம் சுட்ட பழம் வேண்டுமா, சுடாத பழம் வேண்டுமா என்று கேட்ட கதைதான் நினைவுக்கு வந்தது. இரண்டும் சுட்ட கூடுகள். ஒன்று சுடுகிறது, மற்றது சுடவில்லை. ஏன் என்று கேட்டேன். செமி ஆட்டோவில் தோட்டாவின் வெடிமருந்து வேகமாக எரியும், அழுத்தமும் கூடுதல் என்றார் பயிற்றுநர். இரண்டுக்கும் ஒரே பெட்டியிலிருந்துதானே தோட்டா எடுத்தோம் என்றபோது, துப்பாக்கியின் அமைப்பு அப்படி என்று முடித்துக்கொண்டார். துப்பாக்கி மாறினால் மருந்தின் குணம் மாறிவிடாது. ஒரே தோட்டா எந்த ரைஃபிளில் வெடித்தாலும், 2,000 பாகை செல்சியஸுக்கு மேற்பட்ட சூட்டில் வாயு உண்டாகி, அதில் ஒரு பங்கு குண்டைத் தள்ளவும், ஒரு பங்கு குழலைச் சூடாக்கவும், ஒரு சிறு பங்கு கூட்டைச் சூடாக்கவும் செலவாகிறது. கூடு பிறக்கும்போது பெறும் சூடு இரண்டிலும் ஏறத்தாழ ஒன்றுதான். பிறந்தபின் அது தாய்வீட்டில் எவ்வளவு நேரம் இருக்கிறது என்பதில்தான் வேறுபாடு.

இதை எனக்குத் தெளிவாக்கியவர் உதவிப் பயிற்றுநராக இருந்த நம் தமிழ்ப் பிள்ளை ஒருவர். முப்பது வயதுக்குள் இருக்கும். நாங்கள் பேசிக்கொண்டிருந்ததைக் கேட்டுவிட்டு, “டீச்சர், போல்ட்டுல உங்களுக்கு இன்னும் பத்து ரவுண்டு பாக்கி இருக்கு. அதுலயே பார்த்துடலாம்” என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்காகவே இந்த நிலையத்துக்கு நான் நல்ல மதிப்பெண் கொடுப்பேன். செய்தது இவ்வளவுதான்: ஐந்து தோட்டாக்களைச் சுட்டவுடன், எவ்வளவு விரைவாக முடியுமோ அவ்வளவு விரைவாகக் கைப்பிடியை இழுத்தேன். ஐந்தைச் சுட்டபின், மாமா பத்து வரை எண்ணும் வரை போல்ட்டை மூடியே வைத்திருந்து, பிறகு இழுத்தேன். ஒவ்வொரு தடவையும் போல்ட் திறந்து, அறை காலி என்று உதவிப் பயிற்றுநர் பார்த்துச் சொன்ன பிறகு, தோல் கையுறை போட்ட கையால் கூட்டை எடுத்து என் புறங்கையில் வைத்தார்.

விரைவாக இழுத்த கூடுகள் வெதுவெதுப்பாக இருந்தன. பத்து விநாடி இருந்தவற்றில் சூடு என்று சொல்ல எதுவுமே இல்லை, அறையின் எஃகு எப்படி இருந்ததோ அப்படி இருந்தன. இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். இரண்டுக்கும் நடுவே இருந்த வேறுபாடு நான் எதிர்பார்த்ததைவிடச் சிறியது. என் கை எவ்வளவு வேகமாகப் போனாலும் ஒரு விநாடிக்குப் பக்கத்தில் ஆகிவிடுகிறது. கூட்டின் சூட்டில் பெரும் பகுதி அந்த முதல் விநாடிக்குள்ளேயே எஃகுக்குப் போய்விடுகிறது என்றுதான் அதற்குப் பொருள். பிறகு அவர் செமி ஆட்டோவின் பக்கவாட்டில் ஒரு வலைப்பையை மாட்டி, ஒரே ஒரு தோட்டா ஏற்றிச் சுடச் சொல்லி, பையில் விழுந்த கூட்டை அதே போலப் புறங்கையில் வைத்தார். நான் கையை இழுத்துக்கொண்டேன்.

காரணம் பித்தளையின் இயல்பில் இருக்கிறது. தோட்டாக் கூட்டுக்குப் பயன்படுத்தும் பித்தளையில் நூற்றுக்கு எழுபது பங்கு செம்பு, முப்பது பங்கு துத்தநாகம். சாதாரண எஃகைப் போல இரண்டு மடங்குக்கு மேல் விரைவாக அது வெப்பத்தைக் கடத்தும். வெடித்த கணத்தில் உள்ளே எழும் அழுத்தம், .22 போன்ற சிறு தோட்டாவில்கூடச் சதுர அங்குலத்துக்கு 24,000 பவுண்டு வரை போகலாம். அந்த அழுத்தத்தில் மெல்லிய கூட்டுச் சுவர் வெளியே உப்பி, அறையின் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். வாயு பின்பக்கமாகக் கசியாமல் அடைப்பதும் அதுதான். குண்டு குழலைவிட்டுப் போய் அழுத்தம் இறங்கியதும், பித்தளைக்கு உள்ள மீள்தன்மையால் கூடு மயிரிழை அளவு சுருங்கும்; அப்படிச் சுருங்காவிட்டால் கொக்கி எவ்வளவு இழுத்தாலும் வெளியே வராது. சுருங்கிய பிறகும் போல்ட் ரைஃபிளில் அது அறைக்குள்ளேயே, எஃகைத் தொட்டுக்கொண்டு, நாம் கைப்பிடியைத் தூக்கும் வரை படுத்திருக்கிறது. கூட்டின் எடை அரை கிராமுக்குச் சற்று மேல். சுற்றியிருக்கும் எஃகோ அதைப்போலப் பல நூறு மடங்கு. பிள்ளைக்குக் காய்ச்சிய பாலை ஆற்றுவதற்கு டம்ளரைப் பச்சைத் தண்ணீர்க் கிண்ணத்தில் வைக்கிறோமே, அதே கணக்கு. டம்ளர் ஆறிவிடும்; கிண்ணத்துத் தண்ணீர் சூடானது நமக்குத் தெரியவே தெரியாது.

செமி ஆட்டோ டம்ளரைக் கிண்ணத்தில் வைத்தவுடனே வெளியே எடுத்துவிடுகிறது. இலக்கணத்தில் மாத்திரை என்று ஓர் அளவு உண்டு, கண் இமைக்கும் நேரம் அல்லது கை நொடிக்கும் நேரம். அந்த ஒரு மாத்திரைக்குள் இந்த ரைஃபிள் கூட்டை உருவி, வெளியே எறிந்து, அடுத்ததை ஏற்றியும் முடித்துவிடுகிறது. இதே விதமாக இயங்கும் ராணுவத் தானியங்கித் துப்பாக்கிகள் நிமிடத்துக்கு 600 முதல் 900 குண்டுகள் வரை சுடும் என்பதை வகுத்துப் பார்த்தால் ஒரு சுற்றுக்கு 67 முதல் 100 மில்லி விநாடி வருகிறது; கூடு வெளியேறுவது அந்தச் சுற்றின் முற்பாதியிலேயே முடிந்துவிடும். .22 வகையில் இன்னொன்றும் சேர்கிறது. இதில் போல்ட் பூட்டப்படுவதே இல்லை. அதன் எடையும் ஒரு சுருள்வில்லும் மட்டுமே பின்னால் தாங்குகின்றன. பின்னோக்கி அழுத்தும் வாயுவே கூட்டைத் தள்ள, கூடு போல்ட்டைத் தள்ளுகிறது. ஆகவே உள்ளே எஞ்சிய வெந்த வாயு முழுதும் அடங்குவதற்கு முன்பே கூடு நகரத் தொடங்கிவிடுகிறது. எஃகுக்குக் கொடுக்க வேண்டிய சூட்டைக் கொடுக்காமலே ஓடிவந்த கூடு, அதை என் கழுத்தெலும்பின் கீழே வந்து கொடுத்தது.

தொடர்ந்து வேகமாகச் சுட்டால் அறையே சூடேறிவிடும், சூடான எஃகால் கூட்டை ஆற்ற முடியாது என்பதும் உண்மைதான். ஆனால் அன்று நாங்கள் சுட்ட இருபத்தைந்துக்குக் குழல் இளஞ்சூடாகக்கூட ஆகவில்லை. ஒற்றைத் தோட்டாவை ஏற்றிச் சுட்டபோதும் கூடு சுட்டது. அதனால் என் காயத்துக்கு அதைப் பொறுப்பாக்க முடியாது.

மாமாவுக்கு இதெல்லாம் புதிதில்லை. .22ஐக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, பேரப்பிள்ளைக்கு வாங்கிக் கொடுக்கிற சாமான் என்பது போலச் சிரித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அவர் ராணுவப் பயிற்சியில் தூக்கியது எஸ்.எல்.ஆர். என்ற ரைஃபிள். பெல்ஜிய நாட்டு வடிவமைப்பின் பிரிட்டிஷ் வகை, 7.62 மில்லிமீட்டர், மெகசினுக்கு இருபது தோட்டா. அதில் போல்ட் பூட்டியிருக்கும். குழலிலிருந்து ஒரு துளை வழியே எடுக்கும் வாயு ஒரு தண்டைத் தள்ள, அந்தத் தண்டு பூட்டைத் திறக்கும். பூட்டு இருந்தாலும் திறப்பதற்கு ஆகும் நேரம் மில்லி விநாடிகள்தாம் என்பதால் கூடு சூடாகவே வந்து விழும். போர்ட் டிக்சனில் வரிசையாகப் படுத்துச் சுடும்போது, இடப்பக்கத்தில் இருப்பவனின் கூடுகள் வலப்பக்கத்தில் இருப்பவனின் பிடரியில் விழுமாம். “அசைஞ்சா சார்ஜன் உதைப்பாரு, அசையலைன்னா கூடு சுடும். எது தேவலைன்னு அவனவன் முடிவு பண்ணிக்கணும்” என்றார். பள்ளிக்கூடக் கணக்காகவே போட்டுப் பார்த்தேன். ஒரு கிராம் பித்தளையை ஒரு பாகை சூடாக்க 0.38 ஜூல் போதும். என் மேல் விழுந்த கூடு தோலைவிட 60 பாகை கூடுதல் சூட்டில் இருந்தது என்று வைத்துக்கொண்டால்கூட, அதில் இருந்த வெப்பம் பதினைந்து ஜூல் அளவுதான். எஸ்.எல்.ஆர். கூடு ஏறத்தாழ பன்னிரண்டு கிராம். அதே சூட்டுக்கு அது சுமந்து வருவது பதினெட்டு மடங்கு. எனக்கு வந்தது மிளகளவு கொப்புளம்; அவருடைய பிடரியில் வெள்ளைத் தழும்பு இன்னும் இருக்கிறது. அது அம்மைத் தழும்பு என்று இத்தனை ஆண்டுகளாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

கடைசிக் காலத்தில் அவருக்குக் கொடுத்த ஸ்டெயர் ஆக் ரைஃபிளில் தொல்லை வேறு மாதிரி. அதன் இயக்கம் முழுவதும் விசைக்குப் பின்னால், கன்னத்துக்கு அருகில் இருக்கிறது. வலக்கைக்காரருக்குக் கூடு அப்பால் போய்விடும். இடத்தோளில் வைத்துச் சுட்டால் முகத்துக்கு நேரே வரும். இடக்கைக்காரர்களுக்கென்று போல்ட்டை மாற்றிப் போட்டு, மறுபக்கத் துளை வழியே வெளியேற்றும் வசதியை அதைச் செய்தவர்கள் வைத்திருக்கிறார்கள்.

மாமா சிறுவனாக இருந்த ரப்பர் தோட்டத்தில், மலாயாவில் கம்யூனிஸ்ட் கிளர்ச்சிக்கு எதிராக அறிவித்த அவசரகாலத்தின்போது காவலுக்கு நின்றவர்கள் கையில் இருந்தது லீ என்ஃபீல்ட்; போல்ட் வகை; .303 தோட்டா. அவர்கள் குறிபார்த்துப் பழகும் நாள்களில் பிள்ளைகள் ரப்பர் மரங்களுக்குப் பின்னே ஒளிந்திருந்து, விழுந்த கூடுகளை உடனே ஓடிப் பொறுக்கி, வாயில் வைத்து விசில் ஊதுவார்களாம். சூட்டைப் பற்றிய நினைவே அவருக்கு இல்லை. எஸ்.எல்.ஆர். கூட்டை அப்படி வாயில் வைத்திருந்தால் உதடு என்ன ஆகியிருக்கும் என்று அவரே கேட்டுக்கொண்டார். லீ என்ஃபீல்டின் மருந்து இளைத்ததன்று. 1950களில் அந்தக் காவலர்கள் ஒவ்வொரு குண்டுக்கும் கைப்பிடியை இழுக்க எடுத்துக்கொண்ட நேரம்தான் அந்த உதடுகளைக் காப்பாற்றியிருக்கிறது.

இதைக் கேட்டுக்கொண்டிருந்த உதவிப் பயிற்றுநர் சொன்ன ஒன்று எனக்கு மிகவும் பிடித்தது. சூடான கூடு சுடுகிறவருக்குத் தொல்லை, துப்பாக்கிக்கு அது நன்மை என்றார். வேகமாகச் சுடும் ஆயுதத்தில் ஒவ்வொரு கூடும் ஒரு பங்கு சூட்டைத் தன்னோடு அள்ளிக்கொண்டு வெளியேறுகிறது; அறைக்குள் தங்கினால் அந்தச் சூடு எஃகில் சேர்ந்துகொண்டே போகும். மேற்கு ஜெர்மனியில் ஹெக்லர் அண்டு கோக் நிறுவனம் ஜி11 என்ற ரைஃபிளைக் கூடே இல்லாத தோட்டாவுக்காக வடிவமைத்தபோது இந்தச் சிக்கல் வெளிப்படையாகத் தெரிந்தது. 4.73 மில்லிமீட்டர் குண்டு, அழுத்திக் கட்டியாக்கிய மருந்துக்குள்ளேயே புதைந்திருக்கும்; எறிய வேண்டிய கூடு கிடையாது. சூட்டை அள்ளிச் செல்லவும் ஆள் இல்லை, அறையின் சூட்டிலிருந்து மருந்தை மறைக்கவும் ஆள் இல்லை. விசையைத் தொடாமலே அறைச் சூட்டில் தோட்டா தானாக வெடிக்கும் நிலை வந்து, அதிகச் சூட்டைத் தாங்கும் வேறு மருந்தை உருவாக்க வேண்டியதாயிற்று. இவ்வளவையும் பயிற்சிக்கு வருகிறவர்களுக்குச் சொல்லத் தெரிந்த ஒருவரை, தட்டு எடுத்து வைக்கவும் பாய் விரிக்கவும் மட்டும் அந்த நிலையம் வைத்திருக்கிறது. வகுப்பில் பத்து நிமிடம் அவருக்குக் கொடுக்கலாம்.

வலைப்பையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் விட முடியவில்லை. சோதனைக்காக அவர் அதை எடுத்து வந்தது என் இடத்துக்கு மூன்றடி பின்னால் இருந்த அலமாரியிலிருந்து. அதற்குள் இன்னும் நான்கு தொங்கிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். புதியவர்களுக்கு ஏன் முதலிலேயே மாட்டுவதில்லை என்று கேட்டால், பைக்குள் விழுந்த கூடுகள் சிலவேளை ரைஃபிளின் கூடு வெளியேறும் துளையில் சிக்கி அடைத்துக்கொள்ளும், நேரம் போகும் என்றார்கள். நேரம் போனால் போகட்டும் என்றுதான் நான் சொல்வேன். பை வேண்டாமென்றால், தட்டியின் மேல் ஒரு பழைய கம்பளத்துண்டை அறைந்து வைத்தால்கூடப் போதும். மோதிய கூடு திரும்பாமல் அங்கேயே விழும்.

மற்றவை சுருக்கமாக. காற்றோட்டம் நன்று, மூன்று மணி நேரத்துக்குப் பின்னும் மருந்து நெடி தலையைப் பிடிக்கவில்லை. கழிப்பறை தூய்மை. நாசி லெமாக்கில் சம்பல் இனிப்பு, ஆனால் நெத்திலி மொறுமொறுப்பாக இருந்தது. இலக்குத் தாளை வீட்டுக்கு எடுத்துப் போக விடுகிறார்கள். போக நினைக்கிறவர்கள் கழுத்தை ஒட்டிய சட்டை, முழுக்கை, விளிம்பு வைத்த தொப்பி, குதிகால் மூடிய காலணி ஆகியவற்றோடு போங்கள். வலப்பக்கம் தட்டி இல்லாத இடமாகக் கேட்டு வாங்குங்கள். செமி ஆட்டோவில் யாராவது சுட்டுக்கொண்டிருந்தால் அவர் வலப்பக்கம் நிற்காதீர்கள்.

புறப்படும் நேரத்தில் கூடுகளை எண்ணினார்கள். நாற்பத்தொன்பது. மறுபடி எண்ணினார்கள், அதே நாற்பத்தொன்பது. பாயைத் தூக்கி உதறினார்கள், தட்டிக்குப் பின்னால் தேடினார்கள், வலைப்பையைக் கவிழ்த்தார்கள். மாமா காலணியைக் கழற்றித் தட்டினார். கால் மணி நேரம் கழித்து, முகப்பில் இருந்த பெண் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுப் பெண்கள் அறைக்கு அழைத்துப் போய், குர்தியை நன்றாக உதறிப் பார்க்கச் சொன்னார். இடுப்பில் நாடா கட்டிய மடிப்புக்குள் அது இருந்தது. இரண்டு மணி நேரமாக அங்கேயே இருந்திருக்கிறது. என் உடம்புச் சூட்டுக்கு மேல் அதில் சூடு எதுவும் மிச்சமில்லை. வாங்கிக்கொண்டு போய்ப் பெட்டியில் போட்டு, ஐம்பது என்று எழுதி, என்னிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார்.